வீட்டிலும் வேண்டும் தண்ணீர் இருப்பு

கடையில் அரிசி எத்தனை மூட்டை, எண்ணெய் எத்தனை டின் என்று கேட்டால் நாம் தூக்கத்திலும் சொல்லிவிடுவோம். வீட்டில் மூன்று நாளைக்குக் குடிதண்ணீர் இருக்கிறதா என்றால் பதில் வராது.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் சூழ்ந்தபோது ஊரெல்லாம் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. மின்சாரம் நின்றால் மோட்டாரும் ஓடாது, ஆர்.ஓ. கருவியும் ஓடாது. தரைத்தொட்டியில் சாக்கடை கலந்துவிடும். கேன் வண்டி தெருவுக்குள் வராது.

எவ்வளவு வேண்டும்? குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. கைக்குழந்தை, நோயாளி இருந்தால் கூடுதலாக வையுங்கள்.

எதில் வைப்பது? சோப்புப் போட்டுக் கழுவிய, மூடியுள்ள பாத்திரம். குழாய் வைத்ததானால் மிக நல்லது. கைவிட்டு மொள்ள வேண்டியதில்லை. மண்ணெண்ணெய், பினாயில், பூச்சிமருந்து இருந்த டின்னை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு ஆகாது. பிடித்த தேதியை எழுதி ஒட்டுங்கள். பழையதை எடுத்துப் புழங்கிவிட்டுப் புதியதை நிரப்புங்கள். முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும் என்ற நம் கடைச் சட்டம்தான் இதற்கும்.

இருப்புத் தீர்ந்தால்? கலங்கல் நீரைத் தெளியவிட்டு, சுத்தமான துணியை மடித்து வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வையுங்கள். அடுப்புக்கு வழியில்லையென்றால் குளோரின் மாத்திரையை உறையில் கண்ட அளவில் போட்டு, அரைமணி நேரம் கழித்துக் குடிக்கலாம். மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ கலந்த நீர் கொதித்தாலும் நல்லதாகாது; தொடாதீர்கள்.

கடையில் கவனிக்க: தண்ணீர்க் கேனையும் பாட்டிலையும் வெயிலில் அடுக்காதீர்கள், பினாயில், பூச்சிமருந்து பக்கத்தில் வைக்காதீர்கள். தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்துக்கு முன்பே இருப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் காற்றும் ஈரமும் பட்டால் வீரியம் இழக்கும். உதிரியாகத் திறந்து வைத்து விற்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. வெள்ள நாளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் ஏற்றி விற்றால் அன்று நூறு பாட்டிலில் ஆயிரம் ரூபாய் கூடுதலாக வரும். ஆனால் தாகத்தோடு வந்தவர் அந்தக் கடையை மறக்கமாட்டார். அடுத்த மாத மளிகைச் சீட்டு வேறு கடைக்குப் போகும். அச்சிட்ட விலைக்கே கொடுங்கள். வாடிக்கையாளரின் நம்பிக்கையைவிடப் பெரிய முதல் நமக்கு எது?