இரசாயனச் சமநிலை: ஓயாத இரு வினைகள்

"சமநிலை எய்தியதும் தாக்கம் நின்றுவிடும்" என எழுதும் மாணாக்கர் பலர் உளர். பிழைக்குக் காரணம் தராசு. தட்டுக்கள் ஒத்து நின்றதும் தராசின் அசைவு ஒழிகின்றது. அக்காட்சியே மனத்திற் பதிந்துவிடுகின்றது. இரசாயனச் சமநிலையோ அத்தகையதன்று. இவ்வேறுபாட்டை உணராதார்க்கு இப்பாடத்தின் விதிகள் யாவும் வெறும் மனனப் பொருளாகவே எஞ்சும்.

நமக்குப் பழக்கமான ஒன்றிலிருந்தே தொடங்குவோம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம். சுண்ணக்கல்லைச் சூளையிலிட்டு எரித்தால், அதிலுள்ள கல்சியங் காபனேற்று, கல்சியமொட்சைட்டாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் பிரிகின்றது. இது ஒரு மீளுந் தாக்கம். பிரிந்த இரண்டும் மீண்டுங் கூடிக் காபனேற்றாதலும் இயலும். ஆயினும் சூளை திறந்திருத்தலால் வாயு வெளியேறிவிடுகின்றது. கூடுதற்குத் துணையில்லாமையால் கல் முழுவதும் சுண்ணாம்பாகின்றது.

அக்கல்லையே போதிய அளவில் மூடிய கலத்திலிட்டு, மாறா வெப்பநிலையிற் காய்ச்சுவோமாயின் நிகழ்வது வேறு. வாயுவின் அமுக்கம் படிப்படியாக ஏறி, ஒரு குறித்த அளவில் நிலைத்துவிடும். ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் அவ்வளவு 1 வளிமண்டலமாகும். அதன்பின் கல்லும் குறையாது, சுண்ணாம்பும் கூடாது.

அவ்வாறாயின் தாக்கம் நின்றுவிட்டதா? இவ்வினாவுக்குப் பரிசோதனையே விடை தரும். கலத்திலுள்ள வாயுவின் ஒரு பகுதியை நீக்கி, கதிர்த்தொழிற்பாடுடைய காபனைக் கொண்ட அதே வாயுவை அதே அளவிற் சேர்ப்போம். அமுக்கம் மாறாது. சில காலத்தின் பின் திண்மத்தை ஆராயின், கதிர்த்தொழிற்பாடு அதனுள்ளும் காணப்படும். எனவே, வாயு கல்லாகிக்கொண்டேயிருந்தது, கல்லும் வாயுவாகிக்கொண்டேயிருந்தது. நின்றது தாக்கமன்று, அளவுகளின் மாற்றமே. முன்தாக்கமும் பின்தாக்கமும் ஒரே வேகத்தில் நிகழும் இந்நிலையே இயக்கச் சமநிலை எனப்படும்.

இக்கருத்தின் வித்து எகிப்திற் கிடைத்தது. 1798 இல் நெப்போலியனுடன் அங்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் பேர்தொலே, உப்பேரிகளின் கரையில் சோடியங் காபனேற்றுப் படிந்திருத்தலைக் கண்டார். ஆய்கூடத்தில் சோடியங் காபனேற்றும் கல்சியங் குளோரைட்டும் சேர்ந்து சுண்ணக்கல்லையும் உப்பையும் தரும். ஏரியிலோ உப்பும் சுண்ணக்கல்லும் மிக்கிருந்தமையால் அதே தாக்கம் எதிர்த்திசையிற் சென்றிருந்தது. பொருளின் அளவு தாக்கத்தின் திசையை மாற்றவல்லது என அவர் உணர்ந்தார். 1864 இல் நோர்வே நாட்டவரான குல்ட்பேர்க்கு, வாகே என்னும் இருவர் இதனைத் திணிவுத் தாக்க விதியாக வகுத்தனர்.

சமநிலையிலுள்ள தொகுதியின் நிபந்தனையொன்றை மாற்றின், அம்மாற்றத்தைத் தணிக்குந் திசையிற் சமநிலை பெயரும் என்பது இலச்சற்றலியர் 1884 இற் கூறிய தத்துவம். அதன் பயனை அமோனியாத் தொகுப்பிற் காணலாம். 1 கனவளவு நைதரசனும் 3 கனவளவு ஐதரசனும் கூடி 2 கனவளவு அமோனியாவைத் தரும்; வெப்பமும் வெளிப்படும். நான்கு கனவளவு இரண்டாகச் சுருங்குதலால் உயர் அமுக்கம் விளைவைக் கூட்டும். தாழ்ந்த வெப்பநிலையும் கூட்டும். ஆயின் தாக்கம் மிக மெதுவாகும். ஆதலால் ஏறத்தாழ 450 பாகையும் 200 வளிமண்டல அமுக்கமும் இரும்பு ஊக்கியும் கொள்ளப்படுகின்றன. ஊக்கி இரு தாக்கங்களையும் ஒருங்கே விரைவுபடுத்துமேயன்றிச் சமநிலையின் நிலையை மாற்றாது. உண்டாகும் அமோனியாவைத் திரவமாக்கி நீக்கி, எஞ்சிய வாயுக்களை மீண்டும் செலுத்துவர். சூளையிலிருந்து வாயு நீங்குதலும் இதுவும் ஒரே தத்துவத்தின் இரு தோற்றங்களே.

ஏபர் கண்ட இம்முறையைப் பொஷ் பெருந்தொழிலாக்கினார். 1913 இல் செருமனியின் ஒப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கியது. வயலுக்கு உரம் தந்த அதே அமோனியா, மறு ஆண்டு மூண்ட போரில் வெடிமருந்துக்கும் மூலமாயிற்று. சமநிலையைப் பெயர்க்கும் வழியை இரசாயனம் கற்பிக்கும். பெற்ற பொருளை எதற்குப் பயன்படுத்துவது என்பது மாந்தர் தீர்மானிக்கவேண்டியது.

மாணாக்கரே, சமன்பாட்டில் இரட்டை அம்புக்குறி இடும்போது, "தாக்கம் நின்றதா?" என வினவாதீர். "எது புகுகின்றது? எது நீங்குகின்றது?" என வினவுக. விடை தானே புலப்படும்.