சிங்கப்பூரைச் சிக்கனமாகச் சுற்றிப் பார்க்க

• போக்குவரத்து: சாங்கி விமான நிலையத்திலிருந்து எம்.ஆர்.டி. ரயிலிலேயே நகருக்குள் வரலாம். டாக்சியைவிடச் செலவு மிகக் குறைவு. பல நாள் தங்குவோர் ஈஸி-லிங்க் அட்டை வாங்கினால் ரயில், பேருந்து இரண்டுக்கும் அதுவே போதும்.

• சாப்பாடு: உணவகங்களைவிட உணவங்காடி நிலையங்களில் விலை குறைவு; சுவைக்கும் குறைவில்லை. லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் தோசையும் பிரியாணியும் கிடைக்கும். சாப்பிட்ட தட்டை உரிய இடத்தில் வைக்காமல் போனால் அபராதம் விதிக்கப்படலாம்.

• தண்ணீர்: குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். கையில் ஒரு பாட்டில் இருந்தால் வெயிலில் அடிக்கடி தண்ணீர் வாங்கும் செலவு மிச்சம்.

• இலவச இடங்கள்: 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தாவரவியல் பூங்கா காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும், அதனுள் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம். கார்டன்ஸ் பை தி பேயின் ராட்சத செயற்கை மரங்களில் இரவு 7.45, 8.45 மணிக்கு நடக்கும் ஒளி, இசைக் காட்சியும் இலவசம்.

• கடற்கரை: ஹார்பர்ஃபிரன்ட்டிலிருந்து நடைபாதை வழியே செந்தோசா தீவுக்குக் கட்டணமின்றிச் செல்லலாம். தீவுக்குள் ஓடும் பேருந்துகளும் இலவசம்.

• பருவம்: நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம், குடை அவசியம்.