படபடப்பு எப்போது வந்தது?

நடுராத்திரியில் நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்தவரிடம் வீட்டில் முதலில் கேட்பது, “எதையாவது நினைச்சுக்கிட்டே படுத்தீங்களா?” என்பதுதான். மறுநாள் ஈசிஜி எடுத்தால் ஒன்றும் இருக்காது. “டென்ஷன்தான்” என்று விஷயம் முடிந்துவிடும். ஈசிஜி காட்டுவது அது எடுக்கப்பட்ட அந்தச் சில விநாடிகளை மட்டுமே. இரவில் வந்துபோன கோளாறு காலையில் அதில் எப்படித் தெரியும்? இதற்கும் மேலான குழப்பம் ஒன்று உண்டு. இதயத்துடிப்பில் நரம்புகளுக்குப் பங்கு உண்டு என்றதும், அது மனக்கவலையைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொள்கிறோம்.

நம்பிக்கை: மூளை கட்டளையிட்டால்தான் இதயம் துடிக்கும்

வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. தானாகவே மின்தூண்டலை உண்டாக்குகிறது. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களைப் பார்த்தால் இது தெளிவாகும். அறுவை சிகிச்சையில் நரம்புத் தொடர்பு அறுந்துபோகிறது. இருந்தும் அந்த இதயம் ஓய்விலேயே நிமிடத்துக்கு 90 முதல் 110 முறை துடிக்கிறது. மற்றவர்களுக்கு சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 சொச்சம்தான். இந்த வித்தியாசம் பெரும்பாலும் வேகஸ் நரம்பின் வேலை. மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கிவந்து, ஓய்வு நேரம் முழுக்க கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். ஓடும்போதும் பயப்படும்போதும் அந்தப் பிடி தளர்கிறது. பரிவு நரம்புகள் வேகத்தைக் கூட்டுகின்றன. இந்த இரண்டு தரப்பும் சேர்ந்ததுதான் தன்னியக்க நரம்பு மண்டலம்.

1921இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து வேறொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்பது அப்படித்தான் புரிந்தது. அது அசிட்டைல்கோலின் என்று பின்னர் அடையாளம் காணப்பட்டது. 1936இல் ஹென்றி டேலுடன் சேர்த்து லோவிக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடலிலிருந்து பிரித்தெடுத்து வைத்த அந்தத் தவளை இதயத்துக்கு என்ன டென்ஷன் இருந்திருக்கும்?

நம்பிக்கை: கடிகாரம் மாதிரி துடிப்பதே நல்ல இதயம்

மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் இது நன்றாகவே தெரியும், நோயல்ல. உண்மையில் கவலைப்பட வேண்டியது இதற்கு நேர்மாறான நிலைமைக்கு. பல வருடச் சர்க்கரை நோயில் தன்னியக்க நரம்புகள் பழுதானால் இந்த ஏற்ற இறக்கம் குறைந்து, ஓய்விலும் துடிப்பு வேகமாகவே இருக்கும். அப்படிப்பட்ட சிலருக்கு மாரடைப்பே வலியில்லாமல் வந்துவிடுவதுண்டு.

நம்பிக்கை: மனதை அமைதியாக வைத்துக்கொண்டால் படபடப்பு வராது

பாதிதான் உண்மை. கோபம், பயம், கடும் உழைப்பு ஆகியவற்றில் அட்ரினலின் ஏறும்போது தொடங்கும் துடிப்புக் கோளாறுகள் உண்டு. ஆனால் பாரிஸ் இதய மருத்துவர் ஃபிலிப் கூமெலும் அவருடைய குழுவினரும் 1978இல் விவரித்த நோயாளிகளுக்கு நேர் எதிராக நடந்தது. மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அவர்களுக்கு வந்தது தூக்கத்தில், வயிறார உண்ட பிறகு, உடற்பயிற்சி முடித்து ஓய்ந்திருக்கும் நேரத்தில். அதாவது வேகஸ் நரம்பின் கை ஓங்கியிருக்கும் வேளைகளில்.

காரணம் இதுதான். ஒருமுறை தூண்டப்பட்ட மேலறைச் செல், அடுத்த தூண்டலை ஏற்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். அசிட்டைல்கோலின் அந்த இடைவேளையைச் சுருக்குகிறது, அதுவும் இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில். அதனால் மின் அலை நேராகப் போய் முடியாமல் சுற்றிச்சுற்றி வர வழி கிடைக்கிறது. பலருக்கு இரண்டு நரம்புகளின் பங்கும் கலந்தே இருக்கும். இரவில் இது வருபவர்களுக்குக் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தொல்லை இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

சிகிச்சையும் இதனால் மாறலாம். துடிப்பைக் கட்டுப்படுத்த வழக்கமாகத் தரப்படும் பீட்டா பிளாக்கர் பரிவு நரம்பின் வேலையைத் தடுப்பது; வேகஸ் வகையினர் சிலருக்கு அது தொல்லையைக் கூட்டக்கூடும். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறையில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும் ஆபத்து இருக்கிறது, முடிவு மருத்துவருடையது. அவருக்கு நீங்கள் தரக்கூடியது “எப்போது வந்தது?” என்பதற்கான துல்லியமான பதில்.

பரம்பரையாக வரும் நீள் க்யூடி நோய்க்குறி என்ற துடிப்புக் கோளாறில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அதன் முதல் வகையினருக்கு ஆபத்து உடற்பயிற்சியில், குறிப்பாக நீச்சலில். இரண்டாம் வகையினருக்கு அலாரமோ தொலைபேசி மணியோ திடீரென்று அலறும்போது. மூன்றாம் வகையினருக்குப் பெரும்பாலும் தூக்கத்தில்.

நம்பிக்கை: மாரடைப்பு வந்தால் பலமாக இருமினால் போதும்

வாட்ஸ்அப்பில் சாகாவரம் பெற்ற செய்தி இது. ஆஞ்சியோகிராம் அறையில் திடீரென்று துடிப்பு தடுமாறும்போது, நினைவு தப்புவதற்குள் மருத்துவர் இருமச் சொல்வதுண்டு. அங்கே மானிட்டரும் மின்னதிர்ச்சிக் கருவியும் பக்கத்திலேயே இருக்கும். வீட்டில் இருமிக்கொண்டிருந்தால் போவது நேரம்தான். உடனே 108ஐ அழையுங்கள்.

வேகஸை எழுப்பிவிட்டுப் பயன்பெறும் உத்தி வேறொரு கோளாறுக்கு உண்டு. சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று தொடங்கி, சீராக ஆனால் மிக வேகமாக ஓடும் எஸ்விடி அது. சாய்ந்து உட்கார்ந்து 15 விநாடி அடக்கி ஊத வேண்டும். உடனே மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை 15 விநாடி உயர்த்திப் பிடிக்க வேண்டும். 2015இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதத்தினருக்குத் துடிப்பு இயல்புக்குத் திரும்பியது. ஊதிவிட்டுப் படுக்காமல் உட்கார்ந்தபடியே இருந்தவர்களில் 17 சதவீதத்தினருக்குத்தான். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கணுவை வேகஸ் சற்று நேரம் தடுப்பதால், அதன் வழியே சுற்றும் மின் அலை அறுந்துபோகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இதற்கு நிற்காது. ஏற்கெனவே எஸ்விடி என்று உறுதியாகி, மருத்துவர் கற்றுக்கொடுத்திருந்தால் மட்டும் வீட்டில் செய்யலாம். கண்ணை அழுத்துவது, கழுத்துத் தமனியை நீவுவது போன்றவை வேண்டவே வேண்டாம். படபடப்போடு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ சேர்ந்துவந்தால் ஊதிப்பார்க்கவும் நேரமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.