சீசன் முடியட்டும் என்று சொல்லாதே

திருநெல்வேலி,
புரட்டாசி.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. அங்கே நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். உன் பெர்சியன் பூனை மிட்டுதான் சுகமாக இல்லை என்று நீ அனுப்பிய போட்டோக்கள் சொல்கின்றன. "லேசா சடை பிடிச்சிருக்கு பெரியப்பா, பட்டாசு சீசன் முடியவும் உட்கார்ந்து வெட்டி விட்டுருவேன்" என்று எழுதியிருந்தாய். காதுக்குப் பின்னால் இருப்பது லேசுதான், ஒப்புக்கொள்கிறேன். முன்னங்கால் இடுக்கில் இருப்பது லேசு இல்லை. இடுப்பிலிருந்து வால் முளைக்கும் இடம்வரை ஒரே தகடாக அப்பிக் கிடக்கிறதே, அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் இரண்டு தடவையாவது படிப்பாய்.

சடை எப்படி உண்டாகிறது என்று முதலில் புரிந்துகொள். பெர்சியனுக்கு மேலே நீள முடி, அடியில் மெல்லிய பஞ்சு முடி என்று இரண்டு அடுக்கு. உதிர்கிற அடிமுடி கீழே விழ வழியில்லாமல் மேல்முடிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பூனை நடக்கும்போதும் புரளும்போதும் அது உரசி உரசி இறுகும். எச்சிலோ தண்ணீரோ பட்டால் இன்னும் இறுகும். அதனால்தான் காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, வயிறு, கழுத்துப் பட்டை படும் இடம் என்று உரசல் உள்ள இடமாகப் பார்த்து முதலில் வருகிறது. இறுகின சடை தோலையும் சேர்த்து மேலே இழுக்கும். அக்குள் சடை மிட்டு ஓர் எட்டு வைக்கும்போதெல்லாம் தோலைச் சுண்டிக்கொண்டே இருக்கும். அடியில் காற்றுப் போகாது. ஈரம் தங்கித் தோல் சிவந்து புண்ணாகும். பின்பக்கச் சடையில் மலம் ஒட்டிவிட்டால் ஈ மொய்த்து முட்டையிடும், ஒரே நாளில்கூடப் புழு வைத்துவிடும். அழகு கெட்டுவிட்டது என்று மட்டும் நினைத்தால் தள்ளிப்போடத்தான் தோன்றும். அதற்கு வலிக்கிறது என்று நினைத்துப் பார்.

"பூனைதான் நாள் முழுக்க நக்கிக்கிட்டே இருக்கே, அதுவே சரிபண்ணிக்காதா?" என்று உன் மாமியார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நாட்டுப் பூனையாக இருந்தால். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ என்ற இருவர் பூனை நாக்கின் முட்களை ஆராய்ந்து 2018-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டுப் பூனை முதல் புலி, சிங்கம் வரை அந்த முள்ளின் நுனி குழிவாக இருக்கிறது. எச்சிலை ஏந்திக்கொண்டு முடியின் அடிவரை போய்ச் சேர்க்கிறது. நாக்கு அழுத்தும்போது முடி படிந்து நிற்கும் உயரத்தைவிட முள் நீளமாக இருந்தால்தான் தோலைத் தொட முடியும். பெர்சியனின் முடிக்கு மட்டும் அது எட்டவில்லை என்று அவர்கள் கண்டார்கள். 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பூனைக் கண்காட்சி நடந்த காலம் தொட்டு, குளிர் நாட்டுக்காரர்கள் பரிசுக்காக நீள முடியாகப் பார்த்துப் பார்த்து இனம் சேர்த்தார்கள். நாக்கு மட்டும் பழைய நாக்காகவே இருந்துவிட்டது. அது செய்ய முடியாத வேலையை மனுஷர் கைதான் செய்தாக வேண்டும். பக்கத்து ராஜபாளையத்து நாயைப் பார், உடம்போடு ஒட்டின குட்டை முடி. இந்த வெக்கைக்கு அதுதான் தாங்கும். பெர்சியனை வாங்குகிறவர்கள் தினசரி ஒரு வேலையையும் சேர்த்து வாங்குகிறார்கள். விற்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

அதிலும் நீ இருக்கிற ஆலங்குளம் மண் இருக்கிறதே, அது சடைக்கென்றே அமைந்த மண். வாசலைத் தாண்டினால் நெருஞ்சி, வேலியோரம் நாயுருவி. ஒரு நாயுருவி விதை முடியில் ஏறிவிட்டால் போதும், அதைச் சுற்றி அடுத்த சடை திரளும். சிமெண்ட் ஆலை ரோட்டுத் தூசி முடியில் படிந்து, ஈரம் பட்டால் கெட்டிப்படும். இன்னொன்றை மாப்பிள்ளையிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவர் பட்டாசு ஆலை வேலை விட்டு வருகிறபோது சட்டையில் அலுமினியப் பவுடரும் மருந்துத் தூளும் ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையோடு மிட்டுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டால் அத்தனையும் அதன் முடிக்குப் போகும், நக்கும்போது வயிற்றுக்குப் போகும். சட்டையைக் கழற்றிப் போட்டு, குளித்துவிட்டுக் கொஞ்சட்டும். பேரனுக்கும் அதுதான் நல்லது.

எனக்கு உண்மையான பயம் இடுப்புச் சடையில்தான். இத்தனை வருஷம் அந்த இடத்தை ஓரளவாவது பார்த்துக்கொண்ட பூனை இப்போது ஏன் விட்டுவிட்டது? முதுகை வளைத்து இடுப்பை நக்க முடியாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. உடம்பு பெருத்துவிட்டிருக்கலாம். மூட்டு தேய்ந்திருக்கலாம். பல்லோ ஈறோ வலித்து வாயைத் திறக்கவே கூச்சப்படலாம். சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு எதுவும் இருக்கலாம். 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. மிட்டு உன் கல்யாணத்துக்கு முன்னால் வந்தது. வயதை நீயே கணக்குப் பார்த்துக்கொள். பூனை வலியை வெளியே காட்டாது. குதித்து ஏறுகிற இடத்தில் ஏறாமல் நிற்பதும், முடியைக் கவனிக்காமல் விடுவதும்தான் அது சொல்லும் முறை. நீ சடையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டால் உள்ளே இருக்கும் நோய் அப்படியே இருக்கும்.

இனி நீ கேட்க விரும்பாத பேச்சு. "சீசன் முடியட்டும்." நம் பக்கத்தில் வீட்டு மராமத்து, பல்வலி, கண் பரிசோதனை, பெண் பார்ப்பது என்று எதை எடுத்தாலும் இந்த ஒரு வார்த்தைதான். ஆர்டர் குவிகிற மாதங்களில் உழைத்தால்தான் வருஷம் ஓடும் என்பது எனக்கும் தெரியும். அந்தக் காசில் படித்தவன்தான் நானும். ஆனால் சீசன் முடிந்ததும் யாரும் அந்த வேலையைக் கையில் எடுப்பதில்லை. கார்த்திகை கழியட்டும் என்பார்கள், பொங்கல் வரட்டும் என்பார்கள், அதற்குள் ஆலை திறந்து அடுத்த வேலை வந்துவிடும். சரி, மிட்டுவின் கணக்கையே பார். தீபாவளிக்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் சடை இறுகும். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு அது கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும், உன்னைத் தொடவே விடாது. இன்றைக்கு விரல் நுழைகிற சடையில் அன்றைக்கு ஊசிகூட நுழையாது. தள்ளிப்போடுவதில் மிச்சமாவது ஒரு நாள் லீவு, அவ்வளவுதான்.

என்ன செய்வது என்பதை நீயே முடிவு செய், நான் திணிக்கவில்லை. வீட்டிலேயே வெட்டலாம், வீட்டிலேயே சீவி எடுக்கலாம், டாக்டரிடம் கொண்டுபோய் மழித்துவிடலாம். வெட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பூனையின் தோல் மிக மெல்லியது, உடம்போடு ஒட்டாமல் தளர்ந்து நிற்பது. சடையைப் பிடித்துத் தூக்கினால் தோலும் கூடாரமாக எழுந்து சடைக்குள் வந்துவிடும். முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கத்தரிக்கோலை உள்ளே விட்டால் வெட்டுப்படுவது தோல்தான், தையல் போடும் அளவுக்குக் கிழியும். மாப்பிள்ளையின் தாடி டிரிம்மரும் வேண்டாம். அடர்ந்த முடியில் அடைத்து நிற்கும், பிளேடு சூடாகிச் சுட்டுவிடும். குளிப்பாட்டினால் சடை விடும் என்பது தப்பு, தண்ணீர் அதைக் கெட்டிப்படுத்தும். தேங்காய் எண்ணெய் தடவினால் தூசி சேர்ந்து பிசுக்காகும், அதை நக்கி வயிற்றால் போகும். நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தை யாராவது கொடுத்தால் வாங்கவே வாங்காதே. அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதே. அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

சீவி எடுப்பது காதுக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சிக்குக்குச் சரிப்படும். கொஞ்சம் சோளமாவு தூவி, சிக்கின் அடியை இரண்டு விரலால் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரலாலேயே பிரி. பிறகு அகலப் பல் எஃகுச் சீப்பு. சில நிமிஷம் பார்த்துவிட்டு நிறுத்திவிடு, மிச்சம் நாளைக்கு. சீப்பின் பல் சடைக்கும் தோலுக்கும் நடுவில் நுழையாவிட்டால் அது உன் வேலை இல்லை என்று விட்டுவிட வேண்டும். இடுப்பிலும் அக்குளிலும் இருப்பது அந்த வகை. அதைச் சீவுவது சித்திரவதை. வலி தாங்காமல் அது கடித்துவிட்டால் உடனே சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. ஊசி போட வேண்டுமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

மழிப்பதற்கு நீ என்ன தடை சொல்வாய் என்று எனக்குத் தெரியும். மொட்டையாக அசிங்கமாக இருக்கும் என்பாய். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டுவந்த பிள்ளையை யாராவது அசிங்கம் என்கிறோமா? சில மாதத்தில் முடி வளர்ந்துவிடும்; அதுவரை வெயிலில் விடாமல் வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் போதும். இரண்டாவது தடை மயக்க ஊசி. இந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. பெர்சியனுக்கு மூக்கு சப்பை, மூச்சுக் கஷ்டம் உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் வேறு. பல நாடுகளில் எடுத்த கணக்கில் பெர்சியன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது இருந்திருக்கிறது. அதனால்தான் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்க்க வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறேன். எவ்வளவு மருந்து, மருந்தே இல்லாமல் முடியுமா என்பதையெல்லாம் பரிசோதித்த பிறகு டாக்டர் முடிவு செய்வார். பல், மூட்டு, எடை எல்லாம் அதே நாளில் பார்த்துவிடலாம். மூன்றாவது, பூனைக்குப் போய் இவ்வளவு செலவா என்று ஊர் கேட்கும் என்பாய். ஊர் கேட்கட்டும். வளர்க்கிறது ஊர் இல்லை.

சிவகாசியிலும் ராஜபாளையத்திலும் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே போன் பண்ணி, பூனையை மழிக்கிற கிளிப்பர் உண்டா என்று கேள். இல்லாவிட்டால் இங்கே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. சங்கரன்கோவில் வழியாக வந்தால் அரை நாள் வேலை. முதல் நாள் சாப்பாட்டை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுக்கொள். மூடி போட்ட கூடையை இன்றைக்கே எடுத்து மூலையில் திறந்து வை. அது தானாகப் போய்ப் படுத்துப் பழகட்டும். பிறகு முடி வளர வளர, குட்டை முடியிலேயே தினமும் சீப்பைப் போடு. டிவி பார்க்கிற நேரம் போதும்.

ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே தாயி. வீட்டு வேலை, பேரன் படிப்பு, ஆலைக் கணக்கு என்று நீ ஓடுகிற ஓட்டத்துக்கு நடுவில் அந்தப் பூனையைப் போட்டோ எடுத்து என்னைக் கேட்டாயே, கவனமில்லாதவளாக இருந்தால் கேட்டிருக்க மாட்டாய். உன்னளவு இரக்கம் நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று பெரியம்மா எப்போதும் சொல்வாள், எனக்கும் அதே எண்ணம்தான். நீ வரும் நாளைச் சொல், பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். கூடையை நான் தூக்கிக்கொள்கிறேன். டாக்டர் பில்லை நான் கொடுத்துவிடுகிறேன், அதில் வழக்குப் பண்ணாதே. உனக்கு லீவு கிடைக்காவிட்டால் நானே வெள்ளிக்கிழமை ஆலங்குளம் வந்து மிட்டுவை அழைத்துப்போய், எல்லாம் முடித்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுகிறேன். எஃகுச் சீப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பேரனுக்குப் பெரியம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கிறாள், உனக்கும் தனியாக ஒரு டப்பா. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வெள்ளிக்கிழமை நான் வரட்டுமா, நீ வருகிறாயா என்று மட்டும் இன்றைக்கே ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
உன் பெரியப்பா.