சுடோகுவில் வழி அடைபடும்போது

நாளிதழில் வரும் எளிய சுடோகு ஒரு குவளைக் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். வார இறுதியில் வரும் 'மிகக் கடினம்' அப்படியன்று. முதல் இருபது நிமிடங்களில் ஏறத்தாழப் பாதிக் கட்டங்கள் நிரம்பும். பிறகு பென்சில் நின்றுவிடும். எந்த வரிசையைப் பார்த்தாலும் இரண்டு மூன்று எண்களுக்கு இடமிருப்பதாகவே தோன்றும். அந்த வேளையில் மனம் ஒரு குறுக்கு வழியைக் காட்டும்: "இந்தக் கட்டத்தில் 3 வரும், அல்லது 8 வரும். 3 என்றே எழுதிப் பார்ப்போமே!" எழுதிப் பார்த்தவர்கள் அதன் முடிவையும் அறிவார்கள். கடைசி வரிசையை நிரப்பும்போது இரண்டு 8 வந்து நிற்கும். தவறு எங்கே நுழைந்தது என்று தெரியாது. முழுவதையும் அழிக்க வேண்டியதுதான்.

பேரேடுகளில் கையால் கணக்கெழுதிய காலத்து வங்கி ஊழியர்களுக்கு இந்த நிலை புதிதன்று. நாள் முடிவில் கணக்கு 450 ரூபாய் இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குச் செல்லலாம். ஆனால் தவறு அங்கேயேதான் இருக்கும். அனுபவமுள்ளவர் முதலில் அத்தொகையை 9-ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதமின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று ஐயுறுவார். 4,830 என்பது 4,380 என்று பதிவாகியிருந்தால் வித்தியாசம் சரியாக 450. தேட வேண்டிய இடம் இப்படிக் குறுகிவிடுகிறது.

கடினமான சுடோகுவுக்கும் இதே அணுகுமுறைதான் வேண்டும். மேல்நிலை உத்திகள் எனப்படுபவை மாய வித்தைகள் அல்ல. ஒவ்வொன்றும் சில வரிகளில் மெய்ப்பிக்கக்கூடிய ஒரு நியாயம். அவற்றுள் முதன்மையான நான்கையும், எதுவும் கைகொடுக்காதபோது செய்ய வேண்டியதையும் இங்குக் காண்போம்.

முதலில் குறிப்புகளைச் சரிசெய்க

படுக்கையாகச் செல்வதைக் கிடைவரிசை என்றும், மேலிருந்து கீழாகச் செல்வதை நெடுவரிசை என்றும், ஒன்பது கட்டங்கள் கொண்ட சிறு சதுரத்தைப் பெட்டி என்றும் கொள்வோம். (2,3) என்று எழுதினால் மேலிருந்து 2-ஆம் கிடைவரிசையும் இடமிருந்து 3-ஆம் நெடுவரிசையும் சந்திக்கும் கட்டம் என்று பொருள்.

வழி அடைபட்டதும், நிரம்பாத ஒவ்வொரு கட்டத்திலும் அங்கே வரக்கூடிய எண்கள் அனைத்தையும் சிறிய எழுத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றை வாய்ப்பு எண்கள் என்போம். சில கட்டங்களில் மட்டும் குறித்து, மற்றவற்றை மனத்தில் வைத்துக்கொள்வது ஆபத்தானது. இனி வரும் உத்திகள் யாவும் "இந்த எண் வேறெங்கும் வர இயலாது" என்ற உறுதியின்மேல் நிற்பவை. ஒரே ஒரு வாய்ப்பு எண் விடுபட்டிருந்தாலும் அந்த உறுதி பொய்யாகிவிடும். அடைபட்டதாகத் தோன்றும் பல புதிர்களில் உண்மையான தடை இதுவே: அழிக்க வேண்டிய ஒன்று அழிக்கப்படாமலோ, குறிக்க வேண்டிய ஒன்று குறிக்கப்படாமலோ இருக்கும். எனவே உத்தியைத் தேடும் முன் குறிப்புகளை ஒருமுறை மேலிருந்து கீழாகச் சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வியை மாற்றுக

தொடக்கநிலையில் நாம் கேட்பது, "இந்தக் கட்டத்தில் எந்த எண் வரும்?" என்பது. சற்றுப் பழகியபின், "இந்தப் பெட்டியில் 7 எங்கே வரும்?" என்று கேட்கிறோம். இரண்டுக்கும் விடை கிடைக்காத நிலையில் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: "எந்த எண் எங்கே வர இயலாது?" இதற்கு விடை கண்டால் ஒரு கட்டமும் நிரம்பாமல் போகலாம், ஒரு வாய்ப்பு எண் மட்டுமே அழியலாம். அதுவும் முன்னேற்றமே. கடினமான புதிர்களில் ஒரு கட்டம் நிரம்புவதற்கு முன் நான்கைந்து எண்கள் அழிய வேண்டியிருக்கும்.

1. அடைபட்ட எண்

மேல் இடப்புறப் பெட்டியில் 4 இன்னும் வரவில்லை. அதற்கு (1,1), (1,3) ஆகிய இரண்டு கட்டங்களில் மட்டுமே இடமுண்டு. இவற்றுள் எதில் வரும் என்று தெரியாது. ஆயினும் இரண்டுமே முதல் கிடைவரிசையில் உள்ளன. ஆகவே அவ்வரிசையின் 4 இந்தப் பெட்டிக்குள்தான் அமையும். அதே வரிசையில் மற்ற இரு பெட்டிகளில் உள்ள 4 என்னும் குறிப்புகளை அழித்துவிடலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. 6-ஆம் கிடைவரிசையில் 9-க்கு (6,7), (6,9) ஆகிய இடங்கள் மட்டுமே இருந்தால், அவை இருக்கும் பெட்டியின் ஏனைய கட்டங்களிலிருந்து 9 நீங்கும்.

2. இணைகள்

5-ஆம் கிடைவரிசையில் 2, 4, 5, 7, 9 ஆகிய ஐந்து எண்கள் எஞ்சியுள்ளன. நிரம்பாத கட்டங்களின் வாய்ப்பு எண்கள் இவை:

(5,1): 2, 7
(5,4): 2, 7
(5,6): 2, 4, 5
(5,8): 4, 5, 9
(5,9): 7, 9

ஒரே எண் மட்டும் கொண்ட கட்டம் இல்லை. ஒரே இடம் மட்டும் கொண்ட எண்ணும் இல்லை. ஆனால் (5,1), (5,4) ஆகிய இரண்டிலும் 2, 7 மட்டுமே உள்ளன. இரண்டு கட்டங்களுக்கு இரண்டு எண்கள். எனவே அவ்விரு எண்களும் அங்கேயே செலவாகிவிடும். மற்றக் கட்டங்களிலிருந்து 2-ஐயும் 7-ஐயும் அழியுங்கள். (5,9)-இல் 9 மட்டும் எஞ்சுகிறது. அதை எழுதியவுடன் (5,8)-இல் 9 நீங்கி, 4, 5 மட்டும் நிற்கின்றன. (5,6)-இலும் அவையே நிற்கின்றன.

இதே வரிசையை வேறு கண்ணால் பார்ப்போம். 4, 5 ஆகிய எண்கள் எங்கெங்கு வருகின்றன? (5,6), (5,8) ஆகிய இரண்டில் மட்டுமே. எனவே அவ்விரு கட்டங்களும் அவற்றுக்கே உரியவை; அங்குள்ள 2-உம் 9-உம் நீங்கும். இப்போது 9-க்கு (5,9) தவிர வேறு இடமில்லை. முடிவு முன்னதே.

முதல் வழி வெளிப்படை இணை. இரண்டாவது மறைந்த இணை. இவை ஒரே உண்மையின் இரு முகங்கள். ஒன்று கண்ணில் படாவிட்டால் மற்றொன்று படும். கட்டங்கள் பல நிரம்பியிருக்கும் வரிசையில் வெளிப்படை இணையையும், காலியாக இருக்கும் வரிசையில் மறைந்த இணையையும் தேடுவது எளிது.

3. எக்ஸ்-விங்

இதுவரை ஒரு வரிசைக்குள்ளோ ஒரு பெட்டிக்குள்ளோ நின்றோம். இனி இரண்டு வரிசைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது 6 ஆகட்டும். 2-ஆம் கிடைவரிசையில் 6-க்கு (2,3), (2,8) ஆகிய இரு இடங்களே உள்ளன. 7-ஆம் கிடைவரிசையிலும் (7,3), (7,8) ஆகிய இரு இடங்களே. நான்கு கட்டங்களும் ஒரு செவ்வகத்தின் மூலைகளாக அமைகின்றன.

(2,3)-இல் 6 வந்தால், அதே நெடுவரிசையில் உள்ள (7,3)-இல் வர இயலாது; ஆகவே (7,8)-இல் வரும். (2,8)-இல் 6 வந்தால், இதே முறையில் (7,3)-இல் வரும். எதிரெதிர் மூலைகளை இணைத்தால் எக்ஸ் வடிவம் கிடைப்பதால் இப்பெயர். இரண்டில் எது உண்மை என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எப்படி ஆனாலும் 3-ஆம் நெடுவரிசையின் 6-உம், 8-ஆம் நெடுவரிசையின் 6-உம் இம்மூலைகளிலேயே அமைந்துவிடுகின்றன. எனவே அவ்விரு நெடுவரிசைகளின் பிற கட்டங்களில் 6 வர இயலாது. (4,3)-இல் 1, 6 என்று குறித்திருந்தால் அங்கே 1 உறுதி. (9,8)-இல் 3, 6, 8 என்று இருந்தால் 3, 8 மட்டும் எஞ்சும்.

இதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இரு கிடைவரிசைகளிலும் 6-க்குச் சரியாக இரண்டு இடங்களே இருக்க வேண்டும். 2-ஆம் வரிசையில் மூன்றாவதாக ஓர் இடம் இருந்தாலும் மேற்கண்ட நியாயம் உடைந்துவிடும். நெடுவரிசைகளில் எத்தனை இடங்கள் இருந்தாலும் கவலையில்லை, அழிக்கப்போவது அவற்றைத்தான். நெடுவரிசைகளில் தொடங்கிக் கிடைவரிசைகளில் அழிப்பதும் இதே முறைதான். மூன்று வரிசைகளில் ஓர் எண்ணுக்குரிய இடங்கள் யாவும் மூன்றே நெடுவரிசைகளுக்குள் அடங்கினால், அதே நியாயம் ஸ்வார்ட்ஃபிஷ் என்ற பெயரில் தொடர்கிறது.

4. எக்ஸ்ஒய்-விங்

எக்ஸ்-விங் ஓர் எண்ணைப் பின்தொடர்கிறது. எக்ஸ்ஒய்-விங் மூன்று எண்களைக் கொண்டது. அதற்கு இரண்டே வாய்ப்பு எண்கள் உள்ள மூன்று கட்டங்கள் தேவை:

(4,4): 3, 8
(4,9): 3, 5
(8,4): 5, 8

(4,4) அச்சு. அதன் கிடைவரிசையில் ஒரு சிறகும், நெடுவரிசையில் மற்றொரு சிறகும் உள்ளன. அச்சில் 3 வந்தால் (4,9)-இல் 5 வரும். அச்சில் 8 வந்தால் (8,4)-இல் 5 வரும். மூன்றாவது வாய்ப்பு இல்லை. ஆகவே இரு சிறகுகளுள் ஏதேனும் ஒன்றில் 5 இருந்தே தீரும். (8,9) என்னும் கட்டம் ஒரு சிறகுடன் கிடைவரிசையிலும் மற்றதுடன் நெடுவரிசையிலும் சேர்கிறது. இரண்டையும் ஒருங்கே காணும் அக்கட்டத்தில் 5 வர இயலாது. அங்கே 1, 5 என்று இருந்தால் 1 என்று மையால் எழுதலாம்.

தொடக்கத்தில் கண்ட "3 அல்லது 8" என்ற கட்டத்தை நினைவுகூருங்கள். அங்கே நம்மை ஊகிக்கத் தூண்டிய இரட்டை வாய்ப்பே இங்கே உறுதியான விடையைத் தருகிறது. கட்டத்தை நிரப்பாமலே அதனால் பயன் கொள்கிறோம்.

எதுவும் கைகொடுக்காதபோது

மிகக் கடினமான சில புதிர்கள் இந்நான்கையும் தாண்டி நிற்கும். அப்போதும் ஊகம் வேண்டாம், சோதனை செய்யலாம். இரண்டே வாய்ப்பு எண்கள் உள்ள ஒரு கட்டத்தை எடுத்து, புதிரைத் தனித் தாளில் இருமுறை படியெடுங்கள். ஒரு தாளில் முதல் எண்ணையும் மற்றதில் இரண்டாம் எண்ணையும் வைத்து, இரண்டையும் தொடர்ந்து செல்லுங்கள். ஒரு தாளில் முரண்பாடு தோன்றினால் மற்ற எண் உறுதி. இரண்டு தாள்களிலும் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஒரே எண் வந்தால், அந்த எண்ணும் உறுதி. ஊகிப்பவர் ஒரு கிளையை மட்டும் பார்த்து நம்பிக்கை வைக்கிறார். சோதிப்பவர் இரண்டையும் பார்த்து முடிவு செய்கிறார்.

கொடுக்கப்பட்ட எண்கள் குறைவாக இருப்பதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். ஒரே தீர்வு உள்ள சுடோகுவுக்குக் குறைந்தது 17 எண்கள் கொடுக்கப்பட வேண்டும் என்பதை டப்ளினைச் சேர்ந்த கேரி மெக்கையரும் குழுவினரும் 2012-இல் கணினியின் துணைகொண்டு நிறுவினர். ஆயினும் 17 எண்கள் கொண்ட புதிர்களிலும் எளியவை உண்டு. 25-க்கு மேல் எண்கள் கொடுக்கப்பட்டும் கடினமானவை உண்டு. கடினத்தை முடிவு செய்வது எண்ணிக்கை அன்று. எந்த உத்தி தேவைப்படுகிறது என்பதே.

ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கிய இப்புதிர் 1979-இல் அந்நாட்டு இதழ் ஒன்றில் முதலில் வெளியானது. 1984-இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியபோது சூட்டிய நீண்ட பெயரின் சுருக்கமே 'சுடோகு'. எண்கள் தனித்தே இருக்க வேண்டும் என்பது அப்பெயரின் கருத்து. மேற்கண்ட உத்திகள் அனைத்தும் அந்த ஒரே விதியிலிருந்து பிறந்தவை.

நினைவிற்கு

• முதலில் வாய்ப்பு எண்களை முழுமையாகக் குறித்துச் சரிபார்க்கவும்.
• அடைபட்ட எண், இணை, எக்ஸ்-விங், எக்ஸ்ஒய்-விங் என்ற வரிசையில் தேடவும்.
• ஓர் எண் அழிந்தாலும் மீண்டும் எளிய உத்தியிலிருந்து தொடங்கவும். பெரும்பாலும் அடுத்த கட்டம் அங்கேயே திறக்கும்.
• காரணம் சொல்ல இயலாத எண்ணை எழுத வேண்டாம்.

பயிற்சி

ஒரு வரிசையில் ஐந்து கட்டங்கள் எஞ்சியுள்ளன. அவற்றின் வாய்ப்பு எண்கள் முறையே: (1, 4), (4, 8), (1, 8), (6, 8, 9), (1, 6, 9). எந்த எண்களை எங்கிருந்து அழிக்கலாம்?

விடை: முதல் மூன்று கட்டங்களிலும் சேர்ந்து 1, 4, 8 ஆகிய மூன்று எண்களே உள்ளன. மூன்று கட்டங்களுக்கு மூன்று எண்கள் செலவாகிவிடும். ஆகவே நான்காம் கட்டத்திலிருந்து 8-ஐயும் ஐந்தாம் கட்டத்திலிருந்து 1-ஐயும் அழிக்கலாம். இரண்டிலும் 6, 9 எஞ்சும். ஒரு கட்டத்திலாவது மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தேடியவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள். இணையின் நியாயமே மும்மைக்கும் பொருந்துகிறது என்பதைக் கண்டுகொண்டவர்கள், அடுத்த வார இறுதிப் புதிரைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம்.