காட்டில் ஓர் இரவு

கேள்வி: நண்பர்கள் ஏழு பேர் வார இறுதியில் வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் நடந்துபோய், காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

– வாசகர், வாஷிங்டன்

பதில்: நல்ல முடிவு! முதலில் அனுமதிச் சீட்டு வாங்குங்கள். ஒரு குழுவில் 10 பேர் வரை போகலாம். உள்ளே குழாயும் கழிப்பறையும் கிடையாது. ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். விறகுத் தீ மூட்டத் தடை உண்டு. சிறிய கேஸ் அடுப்பு போதும்.

முக்கியமானது கரடி. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, எச்சில் பொட்டலம் என வாசனையுள்ள எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, கூடாரத்துக்குத் தள்ளி, தரையிலிருந்து 10 அடி உயரத்தில், அடிமரத்திலிருந்து 4 அடி விலகித் தொங்கவிடுங்கள். மனிதச் சோற்றுக்குப் பழகிய கரடி பிழைப்பது அரிது. கொண்டுபோன குப்பையைத் தவறாமல் திருப்பி எடுத்து வாருங்கள்.