பாட மதிப்பெண்ணும் கல்லூரி வாயிலும்

மேல்நிலைத் தேர்வு முடிந்தபின், தாம் பெற்ற மொத்த மதிப்பெண்ணையே பெரிதாகக் கருதி மகிழும் மாணவர் பலர். ஆயின், அறிவியலையோ பொறியியலையோ மேற்கொண்டு கற்க விழைவார்க்குக் கல்லூரியின் வாயிலைத் திறப்பது அம்மொத்த மதிப்பெண் அன்று. எப்பாடத்தில் எத்துணைப் பெற்றோம் என்னும் கணக்கே ஆகும். இவ்வுண்மையைப் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில் அறிந்து வருந்துவதினும், இப்பொழுதே அறிந்து முயல்வது நன்றன்றோ?

முதற்கண் பொறியியற் படிப்பை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இப்படிப்பிற்கென ஆண்டுதோறும் தரவரிசைப் பட்டியல் ஒன்று வகுக்கப்பெறுகிறது. அதற்குரிய மதிப்பெண் 200. அதனுள் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அஃதாவது, கணிதத்தில் பெற்ற மதிப்பெண் முழுமையாகவும், ஏனை இரண்டிலும் பெற்றவை பாதியாகவும் கொள்ளப்படும். இவ்வாறு கூட்டிவரும் எண்ணையே மக்கள் ‘கட்-ஆஃப்’ என வழங்குகின்றனர்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நங்கை, நம்பி என இருவர் உளர் எனக் கொள்க. நங்கை கணிதத்தில் 96, இயற்பியலில் 80, வேதியியலில் 80 பெற்றாள். நம்பி கணிதத்தில் 80, ஏனை இரண்டிலும் 88 வீதம் பெற்றான். இருவர்க்கும் மூன்று பாடங்களின் கூட்டுத்தொகை 256 ஆகும். ஆயினும், தரவரிசைக்கு நங்கை பெறுவது 176. நம்பி பெறுவது 168. இவ்வெட்டு மதிப்பெண் இடைவெளியில் ஆயிரக்கணக்கானோர் நிற்பர். அதனால், நங்கைக்குக் கிட்டும் கல்லூரி நம்பிக்கு எட்டாமற் போதலும் கூடும். இருவர் ஒரே மதிப்பெண் பெறுவராயின், கணிதத்தில் மிக்கவர் முற்படுவர். அதிலும் ஒத்திருப்பின் இயற்பியலில் மிக்கவர் முற்படுவர்.

இதனால் நம்பி அறிவிற் குறைந்தவன் என்று எண்ணற்க. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளம் அறிவியல் வகுப்புகளுக்கு, மொழிப்பாடங்கள் இரண்டும் நீங்கலாக, எஞ்சிய நான்கு பாடங்களின் மதிப்பெண்கள் 400-க்குக் கணக்கிடப்பெறுகின்றன. ஆண்டு இம்மூன்று பாடங்களளவில் நங்கையும் நம்பியும் ஒத்தே நிற்பர். மருத்துவத்திற்கோ வழி வேறு. 2017-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டிலும் நீட் என்னும் தேர்வின் மதிப்பெண்ணே அதற்கு அளவுகோலாயிற்று. அதன் மொத்த மதிப்பெண் 720. அதிற் பாதியாகிய 360 உயிரியலுக்கு உரியது. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 180 வீதம் உரியன. ஆகவே, வாயில்தோறும் திறவுகோல் வேறுபடும் என்பது தெளிவு.

இவ்விதிகள் என்றும் ஒரு தன்மையாய் இருந்தனவுமல்ல. 1984-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு நடைபெற்று வந்தது. தனிப்பயிற்சிக்குப் பொருள் செலவிட இயலாத ஏழை மாணவரும் சிற்றூர் மாணவரும் அதனால் பின்தங்குகின்றனர் என்னும் கருத்து வலுப்பெற்றது. 2006-இல் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் 2007 முதல் மாநில நுழைவுத்தேர்வு ஒழிந்தது. ஆதலின், விண்ணப்பிக்கும் ஆண்டில் வெளிவரும் விதிக்குறிப்பைப் படித்தறிதல் மாணவர் கடமையாம்.

இங்கு ஓர் ஐயம் எழும். மொழிப்பாட மதிப்பெண் அறிவியற் சேர்க்கைக் கணக்கில் வாராதெனின், தமிழை முயன்று கற்பது எற்றுக்கு? தமிழிலும் ஆங்கிலத்திலும் தேறாதவர் மேல்நிலைத் தேர்வில் தேறியவர் ஆகார் என்பது ஒன்று. அதனினும் சிறந்த காரணம் மற்றொன்றுண்டு. ‘ஓர் எண்ணின் இருமடங்கினின்று மூன்றைக் குறைக்க’ என்பதும், ‘ஓர் எண்ணினின்று மூன்றைக் குறைத்து இருமடங்காக்குக’ என்பதும் ஒன்றல்ல. அவ்வெண் பத்தாயின், முன்னதற்கு விடை 17; பின்னதற்கு விடை 14. சொற்கள் ஏறக்குறைய அவையே. அவை நிற்கும் முறையே வேறு. அதனை உணராதவன் கணக்கு அறிந்தும் விடை தவறுவான். எனவே, பட்டியலில் தோன்றாத தமிழறிவு, பட்டியலில் தோன்றும் மதிப்பெண்ணுக்கு அடிப்படையாய் நிற்கின்றது.

மாணவர்களே! நீவிர் விரும்பும் துறை யாது, அதற்கு எப்பாடம் மிகுதியாக வேண்டப்படுகிறது என்பதனை ஆசிரியரிடம் இன்றே கேட்டறிமின். அப்பாடத்தில் விளங்காத பகுதியை நாளைக்கென ஒதுக்கற்க. பொருளுணராது மனப்பாடம் செய்தவன் கல்லூரியிற் புகினும் முதலாண்டிலேயே இடர்ப்படுவான். பொருளுணர்ந்து கற்றவனோ, விரும்பிய வாயில் ஒன்று மூடினும், வேறொரு வாயில் வழியாகச் சென்று அறிவியலைத் தனதாக்கிக்கொள்வான்.